வேர் இறங்காத மண்

பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது என்பது நம் இலக்கண மரபு. மலையும் காடும் வெம்மையால் கெட்டால் அதுவே பாலை. மழை வந்தால் பழைய நிலம் மீளும். மழையே நஞ்சாகிப் பெய்த ஒரு நிலம் எவ்வாறு மீளும் என்பதற்கு அம்மரபில் விடை தேட இயலாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துச் சட்பரி நகரின் வரலாற்றை வாசிக்கையில் இவ்வினாவே நம்முன் வந்து நிற்கிறது.

1883இல் கனடிய பசிபிக் இருப்புப்பாதைக்காக நிலம் திருத்தியபோது துருநிறப் பாறையொன்று தொழிலாளர் கண்ணில் பட்டது. செம்பை நாடித் தோண்டினார்கள்; உடன் நிக்கலும் கிடைத்தது. தாதுவில் கந்தகம் மிகுதி. அதனை நீக்க 1888 முதல் கையாண்ட முறை எளியது, கொடியது. வெட்டிய மரங்களைத் திறந்த வெளியில் படுக்கையாக அடுக்கி, மேலே தாதுவைக் குவித்துத் தீயிட்டார்கள். விறகு தீர்ந்த பின்னும் கந்தகமே எரிபொருளாகி மாதக்கணக்கில் புகைந்தது. காட்டின் ஒரு பகுதி விறகாகப் போயிற்று; எஞ்சிய பகுதி அவ்விறகின் புகையால் போயிற்று. தரையையொட்டிப் படர்ந்த அப்புகை 1929 வரை ஓயவில்லை. பின்னர் உருக்காலைகளின் புகைபோக்கிகள் அவ்வேலையைத் தொடர்ந்தன. 1960களில் ஆண்டுக்கு இருபது இலட்சம் டன்னுக்கும் மேலாகக் கந்தக டையாக்சைடு வெளியேறியது. செம்பும் நிக்கலும் துகள்களாக மண்ணில் படிந்தன.

மரங்கள் ஒரே நாளில் மாண்டுவிடவில்லை. பைன் மரங்கள் முதலில் விழுந்தன. வெள்ளை பிர்ச் நெடுநாள் போராடியது. அதன் தண்டு பட்டுப்போகும், அடியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும், அவையும் படும், மீண்டும் கிளம்பும். இவ்வாறு ஒற்றைத் தண்டாக ஓங்க வேண்டிய மரம் பல தண்டுகளுடைய குட்டைப் புதராயிற்று. உதிரிலைகளின் போர்வை இழந்த மண்ணை மழை அரித்துச் சென்றது. குளிர்காலப் பனி வேர்களைப் பெயர்த்தது. எஞ்சிய பாறைகள் கரிநிறம் பூண்டன. 1971, 1972ஆம் ஆண்டுகளில் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் அங்கே பயிற்சிக்கு வந்தார்கள். நிலவைப் போல் பாழாய்க் கிடந்ததாலேயே வந்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அவர்கள் காண வந்தது தொல்பழங்கால விண்கல் மோதலின் தடங்களை. ஆயினும் அந்தக் கட்டுக்கதை பிறக்க நிலத்தின் தோற்றமே இடம் கொடுத்தது.

1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுந்தது. புகை தொலைவுக்குச் சிதறியது. அதே ஆண்டு அருகிருந்த கோனிஸ்டன் உருக்காலை மூடப்பட்டது. காற்று தெளியலாயிற்று. ஆனால் மரங்கள் வரவில்லை. வரலாற்றின் இந்தப் புள்ளியே நம்மை மிகவும் ஈர்க்கிறது. விதைக்குப் பஞ்சமில்லை, பிர்ச் விதை காற்றில் பறப்பது. விழுந்த விதை முளைக்கவும் செய்தது. முளைவேர்தான் மண்ணில் இறங்கவில்லை. மண்ணின் பி.எச். அளவு 4ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் இருந்தது. அத்தகைய அமிலத்தில் செம்பும் நிக்கலும் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். நுனியின் வளர்ச்சி நின்று, வேர் தடித்துக் குறுகிப்போகும்; நீரைத் தேடிச் செல்லும் வலிமை அதற்கு இராது. காற்றில் இருந்த நஞ்சு போயிற்று. மண் மட்டும் பழையதை மறக்கவில்லை.

லாரன்ஷியன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கீத் வின்டர்ஹால்டர் முதலானோர் 1970களில் கண்ட மருந்து சுண்ணாம்புக்கல் தூள். மண்ணைத் தோண்டி எடுக்கவில்லை, உழவும் இல்லை. மேலே தூவியதே போதுமானதாயிற்று. அமிலம் தணிந்ததும் உலோகங்கள் கரையாநிலைக்குத் திரும்பின, வேர் இறங்கிற்று. 1978இல் நகராட்சி பெருந்திட்டம் தொடங்கியது. சுரங்கத்தில் ஆட்குறைப்பு நிகழ்ந்திருந்த காலம்; கோடைவேலை அற்ற மாணவர்கள் சுண்ணாம்பு மூட்டைகளைத் தோளில் சுமந்து குன்றேறினார்கள். ஹெக்டேருக்கு 10 டன். புல்லையும் பயறுவகைச் செடிகளையும் விதைத்தார்கள். பிர்ச்சும் பாப்லரும் வில்லோவும் அழைக்காமலே வந்தன. பைன் கன்றுகளை நட வேண்டியிருந்தது. 2022இல் ஒரு கோடியாவது மரம் நடப்பட்டது.

நிக்கலைக் கண்டால் எல்லா மரங்களும் மடங்கிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. சட்பரி தலையெடுக்கும் வரை உலக நிக்கல் சந்தையில் முதலிடம் வகித்தது பசிபிக் தீவான நியூ கலிடோனியா. அங்கே பிக்னாண்ட்ரா அகுமினேட்டா என்றொரு மரம் உண்டு. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறப் பால் வடியும். அப்பாலின் உலர் எடையில் நான்கில் ஒரு பங்கு நிக்கல் என்று 1976இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது உலோகத்தைச் சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்துத் தன் உயிரணுக்களைக் காத்துக்கொள்கிறது. அம்மரத்தின் முன்னோர் இயற்கையிலேயே நிக்கல் மிகுந்த மண்ணில் எத்தனையோ இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்து பழகினர். சட்பரியின் பைன்களுக்குக் கிடைத்ததோ ஒரு மனித ஆயுளினும் குறைந்த கால அளவு. மரத்துக்கு ஆற்றல் இல்லை என்பதைவிட அவகாசம் இல்லை என்பதே பொருந்தும் என்று தோன்றுகிறது. சுண்ணாம்பு அந்த அவகாசத்தைத்தான் ஈட்டித் தந்தது.

அந்தப் பெரிய புகைபோக்கி 2020இல் ஓய்வு பெற்றது. சுண்ணாம்பு செம்பையும் நிக்கலையும் அகற்றிவிடவில்லை. அவை இன்றும் வேர்களினருகே கட்டுண்டு கிடக்கின்றன. உதிரும் இலைகள் மட்கி, அவற்றின் மேல் புதிய மண் சிறிது சிறிதாகச் சேர்கிறது. சுண்ணாம்பு இடப்படாத கரும்பாறைச் சரிவுகளும் ஆங்காங்கே உள்ளன. அமில மண்ணில் செழிக்கும் நீலநிறக் காட்டுப்பழச் செடிகள் அங்கே மண்டிக் கிடக்கின்றன. கோடையில் மக்கள் வாளிகளோடு சென்று பழம் பறிக்கிறார்கள்.