வெள்ளச் சமவெளி வண்டல்: காலநிலைத் தடயங்கள்

ஆறு கரைபுரளும்போது இருபுறத் தாழ்நிலங்களிலும் வண்டலைப் பரப்பிவிட்டு வடிகிறது. அடுக்கடுக்காகப் படிந்த இந்த வண்டல், மழைமானிகள் வருவதற்கு வெகுகாலம் முந்தைய காலநிலையை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று.

விரைந்தோடும் நீரே பெரிய கற்களை உருட்டும். ஓட்டம் தளர்ந்தால் மணலும், நீர் தேங்கினால் களிமண்ணும் படியும். ஆகவே படிவிலுள்ள துகள்களின் பருமனைக் கொண்டு வெள்ளத்தின் வலிமையைக் கணிக்கலாம். நெடுங்காலம் வெள்ளம் எட்டாத இடத்தில் செடிகொடிகள் மக்கி மேல்மண் கறுத்திருக்கும். பின்வந்த வண்டல் அதை மூடும்போது அது புதைமண் ஆகிறது. படிவில் சிக்கிய மரத்துண்டு, கரி ஆகியவற்றின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறை தருகிறது. மணற்பரல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வு முறை சொல்லிவிடும்.

இவ்வகை ஆய்வுகளில் தனித்து நிற்பது, அமெரிக்கப் புவியியலாளர் ஜேம்ஸ் நாக்ஸ் 1993-இல் வெளியிட்டது. மேல் மிசிசிப்பியின் துணையாறுகள் 7,000 ஆண்டுகளாகக் கரைமீறி விட்டுச்சென்ற படிவுகளை அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழ 5,000 முதல் 3,300 ஆண்டுகளுக்கு முன்புவரை நிலவிய வெப்பமான, வறண்ட காலத்தில், மிக அரிதாக வந்த பெருவெள்ளங்கள்கூட இன்று 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் அளவைத் தாண்டவில்லை. அதன்பின் குளிரும் ஈரமும் கூடின. இன்று 500 ஆண்டுக்கு ஒருமுறையோ அதனினும் அரிதாகவோ வரக்கூடிய வெள்ளங்கள் அடிக்கடி வரலாயின. கி.பி. 1250–1450 காலத்தில், சிறு பனிக்காலம் எனப்படும் குளிர்ந்த காலகட்டம் நெருங்கிய வேளையில், அவற்றையும் விஞ்சிய வெள்ளங்கள் வந்தன. இத்தனைக்கும் ஆண்டுச் சராசரி வெப்பநிலை மாறியது 1 முதல் 2 பாகை செல்சியஸ் மட்டுமே. மழையளவின் மாற்றமும் 10–20 விழுக்காட்டுக்கு மேற்படவில்லை. சராசரியில் சிறிதாகத் தெரியும் மாற்றம் வெள்ளத்தில் இவ்வளவு பெரிதாக வெளிப்பட்டதே இந்த ஆய்வின் உயிர்நாடி. இன்றைய வெப்பமயமாதலை எடைபோடுவோர் இதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும்.

வண்டலை வாசிப்பதில் இடர்களும் உண்டு. ஆறு தான் படியவைத்ததைத் தானே அரித்துவிடுவதால் பதிவில் இடைவெளிகள் விழும். ஆறு தடம் மாறினாலும் படிவின் தன்மை மாறும். அதைக் காலநிலை மாற்றம் என்று கொண்டுவிடக் கூடாது. மனிதர் நிலத்தைத் திருத்துவது இன்னொரு காரணம். இதே மேல் மிசிசிப்பிப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் புல்வெளியையும் காட்டையும் உழுநிலமாக்கியபின் மண்ணரிப்பு பெருகி, பழைய கரிய மேல்மண்ணின்மீது வெளிர்நிற வண்டல் தடித்துப் படிந்தது. அங்கிருந்த ஈய, துத்தநாகச் சுரங்கங்களின் கழிவும் அதில் கலந்திருப்பதால், அவ்வுலோகங்களின் அளவைக்கொண்டு அந்த அடுக்குகளின் காலத்தை வரையறுக்க முடிகிறது.