பிட்போர்டு

சதுரங்கப் பலகையின் நிலையை 64 பிட் கொண்ட எண்களாகக் கணினியில் எழுதிவைக்கும் முறை.

சொற்பிறப்பு: 'பைனரி டிஜிட்', அதாவது இரும இலக்கம், என்பதன் சுருக்கமே பிட். சுருக்கியவர் ஜான் டூக்கி. 1948இல் கிளாட் ஷானன் தம் கட்டுரையில் அதை அச்சேற்றினார். 1950இல் கணினிச் சதுரங்கம் பற்றி எழுதியவரும் அவரே. போர்டு என்பது பலகை.

விளக்கம்: பெரம்பலூர்ச் சின்ன வெங்காய வயலை நினைத்துக்கொள்ளுங்கள். 64 பாத்திகள். மடை திறந்த பாத்தி 1, அடைத்தது 0. அதுபோலக் காய் நிற்கும் கட்டம் 1, நில்லாதது 0. பாத்தி என்ற சொல்லே பகுத்தலைக் குறிக்கும் 'பா' என்னும் வினையடியில் பிறந்தது. பலகைக்கு மிகவும் பொருந்துகிறது. வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஓர் எண், கறுப்புக் குதிரைகளுக்கு ஓர் எண் என ஒவ்வொரு வகைக் காய்க்கும் தனி வயல் உண்டு.

எடுத்துக்காட்டு: வெள்ளையின் இடது மூலைக் கட்டம் 0, வலப்புறமாக எண்ணி, வரிசை வரிசையாக ஏறினால் கடைசிக் கட்டம் 63. ஆட்டத் தொடக்கத்தில் 1ஆம் கட்டத்தில் வெள்ளைக் குதிரை நிற்கிறது. அதன் மேல்நோக்கிய தாவல்கள் 6, 10, 15, 17. கூட்டினால் 7, 11, 16, 18. இவற்றில் 7 பலகையின் மறு ஓரம். குதிரை அங்கே தாவ முடியாது. அதை 'மாஸ்க்' என்னும் வடிகட்டி எண் நீக்கும். 11இல் சொந்தச் சிப்பாய் நிற்பதால் அதுவும் கழியும். மிஞ்சுபவை 16, 18.

வழக்கு: இன்றைய ஸ்டாக்ஃபிஷ் என்னும் சதுரங்கச் செயலி இம்முறையைப் பயன்படுத்துகிறது.