கூறல் மீனும் தையல்நூலும்: ஒரு தேடல்

கூறல் மீன் வலையில் பட்டால் அது பத்திரிகைச் செய்தி. பாக்குநீரிணையின் இரு கரையிலும் அந்தச் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: மீனின் நெட்டி, அதாவது காற்றுப்பை, சத்திரசிகிச்சைத் தையல்நூல் செய்ய வெளிநாடு போகிறதாம். காங்கேசன்துறையிலும் அதே பேச்சுத்தான். எந்த நாட்டில், எந்த ஆலையில் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த வரி எங்கிருந்து வந்ததென்று பழைய நூல்களில் தேடினேன்.

தையல்நூல் வரலாறு கைகொடுக்கவில்லை. உடலில் கரையும் பழைய நூலான ‘கட்கட்’ ஆட்டு, மாட்டுக் குடலில் செய்தது. பின்னர் வந்தவை செயற்கை இழைகள். மீனைக் காணோம்.

தடம் பசைகளின் பக்கத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனி மருத்துவராயிருந்த ஜோன் ஃபோர்ப்ஸ் ரொயில், இந்தியக் கரைகளில் காற்றுப்பையிலிருந்து மீன்பசை எடுப்பது பற்றி 1842இல் லண்டனில் ஒரு நூலே போட்டிருக்கிறார். வங்கக் கடலின் காற்றுப்பைகள் அதற்கு முன்பே சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆங்கிலேயருக்கோ பியர் தெளியவைக்க ரஷ்ய மீன்பசைக்கு மாற்று வேண்டியிருந்தது.

அதே பசை காயத்துக்கும் போனது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மருந்து நூலில் செய்முறை இருக்கிறது: காற்றுப்பையை வெந்நீரில் கரைத்து, பட்டுத்துணியில் தூரிகையால் படை படையாகப் பூசு, கடைசிப் படைகளுக்கு மதுசாரமும் கிளிசரினும் சேர், துணியின் பின்புறம் சாம்பிராணிச் சாறு தடவு. ஈரப்படுத்தி ஒட்டினால் சிறு வெட்டுக்குத் தையலே வேண்டாம். தையலுக்கு மாற்றாக வந்த பசை, சொல்லிச் சொல்லித் தையல்நூலாகிவிட்டது என்பதே என் ஊகம்.

தோலின்மேல் இருந்தவரை பெரிய வில்லங்கம் இல்லை. விலங்குப் பசையை உடலுக்குள் விட்டபோதுதான் வினை. 1896இல் பாரிசில் கார்னோ என்பவர் ஜெலற்றினால் இரத்தப்போக்கை நிறுத்தலாம் என்றார். ஊசியாக ஏற்றினார்கள், சரியாகக் கிருமி நீக்காத ஜெலற்றினால் சிலர் ஏற்புவலி கண்டு இறந்தார்கள். 1960களில் ஜெலற்றினோடு ரெசோர்சினோலும் போமலினும் கலந்த பசை வந்தது. நன்றாகப் பிடித்தது, ஆனால் போமலின் சுற்றியிருந்த தசையையும் இரத்தக்குழாய்ச் சுவரையும் கெடுத்தது. ஃபைப்ரின் பசைக்கு மூலமான, மனித இரத்தத்திலிருந்து எடுத்த ஃபைப்ரினோஜினால் ஈரல் அழற்சி தொற்றியதால் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கா அதன் அனுமதியை விலக்கியது. வைரசை அழித்துச் செய்த ஃபைப்ரின் பசைக்கு 1998இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. இவற்றில் எதுவும் ஒட்டாததால் தோற்கவில்லை. ஒட்டிய பிறகு உடலுக்குள் என்ன செய்தது என்பதில்தான் தோற்றது.

சுப்பர் குளூவின் பசைப்பொருளான சயனோஅக்ரிலேட்டின் கதையும் இதுவே. குறுஞ்சங்கிலி வகை இறுகும்போது சுடும், வேகமாகச் சிதைந்து போமல்டிகைட்டு விடும். மருத்துவமனையில் தோலுக்குப் பூசுவது மெதுவாகச் சிதையும் நெடுஞ்சங்கிலி வகை, அதுவும் கிருமி நீக்கியது. கடையில் வாங்கும் சுப்பர் குளூ அந்த மருந்தல்ல. வலை பின்னும்போதோ மீன் வெட்டும்போதோ கை கிழிந்தால் அதை ஊற்றாதீர்கள்; கழுவி, துணியால் அழுத்திக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.