குடிநீர் இயக்குபவர் உரிமம்: வரலாறும் கம்பம் பள்ளத்தாக்கும்

குடிநீர் இயக்குபவர் உரிமம் என்பது, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துபவருக்குத் தேர்வும் அனுபவமும் பார்த்து அரசு வழங்கும் தகுதிச் சான்று. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இது நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் கொதிகலனை இயக்குபவருக்கும் மின் கம்பியாளுக்கும் தகுதிச் சான்று உண்டு. தண்ணீரில் குளோரின் கலப்பவருக்கு நாடு முழுவதற்குமான அத்தகைய சட்டம் இல்லை.

ஆறும் ஊர்களும்

மார்க்கையன்கோட்டை, தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் சின்னமனூருக்கு அருகே உள்ள பேரூராட்சி. பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்டு 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், சுரங்கம் வழியே மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் ஆற்றோர ஊர்கள் பலவற்றின் குடிநீருக்கும் முல்லைப் பெரியாறே ஆதாரம். வயல்களின் வடிநீரும் ஊர்களின் கழிவுநீரும் சேர்வதும் அதே ஆற்றில்தான். மழைக்காலத்தில் ஆறு கலங்கலாக ஓடும். ஆகவே ஆற்றுநீர் குடிநீராவதற்கு இடையில் ஒருவருடைய அன்றாட வேலை தேவைப்படுகிறது.

அந்த வேலையைச் செய்பவரை ஊரில் டேங்க் ஆபரேட்டர் அல்லது வாட்டர்மேன் என்பார்கள். மோட்டாரைப் போடுவது, வால்வைத் திறப்பது, மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவது, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது ஆகியவை அவர் பொறுப்பு. இவற்றில் கடைசி வேலைக்குக் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 200 கிராம் குளோரின் வேண்டும் என்று கொள்வோம். பவுடரில் 25 சதவீதக் குளோரின் இருந்தால் 800 கிராம் போதும். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து அதன் வீரியம் பாதியாகிவிட்டால் 1.6 கிலோ தேவை. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைத் தூள்தான். கலந்து அரை மணி நேரம் கழித்து, மிஞ்சிய குளோரினைச் சோதித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது.

உரிமம் பிறந்த கதை

1908-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெர்சி சிட்டி நகரின் குடிநீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் இதே பிளீச்சிங் பவுடரைத் தொடர்ச்சியாகக் கலக்க ஏற்பாடு செய்தார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அவருடைய முறை ஏற்கப்பட்டது. பின்னர் குளோரின் கலப்பு வேகமாகப் பரவியது. நல்ல கருவி மட்டும் போதாது, அதை நாள்தோறும் கையாளும் ஆளும் தேறியவராக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் வளர்ந்தது. 1918-இல் நியூ ஜெர்சி மாநிலமே குடிநீர் இயக்குபவருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களும் படிப்படியாக அந்த வழியில் சென்றன. நிலையத்தின் அளவுக்கும் சிக்கலுக்கும் ஏற்ற படிநிலைகள், எழுத்துத் தேர்வு, குறித்த காலத்தில் புதுப்பித்தல் ஆகியவை இம்முறையின் கூறுகளாயின.

இந்தியாவில் நடந்தது

சென்னை நகருக்கு 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீர் வழங்கும் கடமையை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-இல் தோன்றியது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவுநீரை வெளியேற்றும் நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். அந்த இசைவு நிலையத்துக்குரியது. அதை இயக்கும் ஆளுக்குரியது அன்று.

கொதிகலன் வரலாறு வேறு விதமானது. வெடித்தால் உடனே உயிர் போகும் என்பதால் 19-ஆம் நூற்றாண்டிலேயே அதற்குச் சட்டங்கள் வந்தன. 1923-இல் நாடு முழுவதற்கும் கொதிகலன் சட்டம் வந்தது. கெட்ட தண்ணீரோ சத்தமில்லாமல் வீடு வீடாகச் செல்லும். நோய் தெரிவதற்குச் சில நாட்கள் ஆகும்.

வாக்கர்ட்டன் பாடம்

சான்றிதழ் இருந்தாலே போதுமா என்ற கேள்விக்குக் கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூர் விடை தந்தது. 2000 மே மாதம் பெய்த பெருமழையில் மாட்டுச் சாணம் கலந்த நீர் ஒரு குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. 7 பேர் இறந்தனர்; 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். அங்கே இயக்குபவர்களிடம் சான்றிதழ் இருந்தது. ஆனால் அது தேர்வு எழுதிப் பெற்றதன்று. பழைய அனுபவத்துக்காகக் கொடுக்கப்பட்டது. குளோரின் அளவைச் சோதிக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதி வந்ததை நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் விசாரணை வெளிப்படுத்தியது. அதன்பின் ஒன்டாரியோ மாகாணம் 2002-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தை இயற்றி, பயிற்சி விதிகளை இறுக்கியது.

இன்றைய வழிகள்

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வர விரும்பும் மாணவருக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பம்ப் ஆபரேட்டர் கம் மெக்கானிக், பிளம்பர், எலக்ட்ரீஷியன் பிரிவுகள் உள்ளன. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமப் பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியால் நீரைச் சோதிக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. அதன் 'நல் ஜல் மித்ரா' பிரிவு குழாய், மோட்டார், மின்சார வேலைகளைச் சேர்த்துக் கற்பிக்கிறது. இவை பயனுள்ள பயிற்சிகள். எனினும் இவை இல்லாதவர் தொட்டியில் ஏறக் கூடாது என்று தடுக்கும் சட்டமாக இவை ஆகிவிடவில்லை.

உரிமம் என்பது பணியாளருக்கும் ஒரு காப்பு. வீரியம் போன பவுடரைக் கொடுத்து 'இதையே போடு' என்று சொல்லப்படும்போது, 'இது போதாது' என்று மறுக்கும் தகுதியை அது தருகிறது. மழைக்காலத்தில் ஆறு கலங்கும் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு அந்த ஒரு சொல்லின் மதிப்பு பெரிது.