பெயர்ப் பட்டியலும் கட்டளை வரியும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கையின் வேறெந்த மாவட்டத்தைக் காட்டிலும் அம்பாறை மாவட்டமே கூடிய உயிர்களை இழந்தது. 10,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அடுத்தடுத்துள்ள கரையூர்கள் யாவும் பாதிப்புற்றன. மாண்டோரை அடக்கியபின் எஞ்சிய பெரும்பணி பெயர்களைத் திரட்டுவதாகும். காணாமற்போனோர் யாவர், எந்தப் பாடசாலையில், எந்தப் பள்ளிவாசலில் எவர் தங்கியுள்ளார் என்பன அறியப்படவேண்டியிருந்தன.

இத்தேவையினின்றே ‘சஹானா’ என்னும் அனர்த்த முகாமை மென்பொருள் பிறந்தது. லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தொண்டர்கள் அதனைக் கட்டற்ற மென்பொருளாக ஆக்கினர். அதற்கு அடித்தளமாயமைந்தது லினக்ஸ். 2005ஆம் ஆண்டின் காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது பாக்கிஸ்தானிலும் சஹானா பயன்பட்டது.

லினக்ஸ் இயந்திரங்களைப் பராமரிப்போர் கையாளும் கருவிகளோ அதனினும் மூத்தவை. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடக்கிய யூனிக்ஸில் அவை வேர்கொண்டன. ஒரு செய்நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கலாம் என்னும் கருத்தை டக்ளஸ் மக்கில்ரோய் 1964இலேயே எழுதிவைத்தார். 1973இல் தொம்சன் அதனை நடைமுறைப்படுத்தினார். மக்கில்ரோய் தோட்டத்து நீர்க்குழாயை உவமை காட்டினார். நம் பகுதியாருக்கு வரம்பில் வக்கடை வெட்டி ஒரு வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடுவதே பொருத்தமான உவமையாகும். கிரெப், ஓக் முதலியன அதே எழுபதுகளில் தோன்றின. 1989இல் பாஷ் வெளிவந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார்.

பல முகாம்களிலிருந்து வந்த பட்டியல்களில் இருமுறை பதிவான பெயரைக் காண்பதற்கு, சோர்ட் என்னும் கருவியால் வரிசைப்படுத்தி, யுனிக் என்பதற்கு அனுப்பினாற் போதும். யுனிக் அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். ஆதலின் வரிசைப்படுத்தல் முந்தவேண்டும். இவ்விரண்டையும் ஒரு சிறு நிரலில் எழுதிக் கிரானிடம் ஒப்படைத்தால் இரவுதோறும் தானாகவே நடைபெறும்.

ஆயினும் இக்கருவிகள் ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு பிறந்தவை. ‘நிந்தவூர்’ என்னும் சொல்லை எண்ணச் சொன்னால், டபிள்யூசி என்னும் கருவி 27 பைட்டுகள் என்னும். யூடிஎஃப்-8 அமைவில் எழுத்துகளை எண்ணுமாறு பணித்தால் 9 என்னும். நாமோ நி, ந், த, வூ, ர் என ஐந்தெழுத்தாகக் கொள்வோம். அயலூராகிய ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் எம்மாணவரும் இதனைச் செய்துபார்க்கலாம். யூனிக்கோட்டில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனிக் குறிகளாக வைக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

வரிசைப்படுத்தலில் இதனினும் பெரிய இடர் உண்டு. தமிழுக்குரிய அமைவு இன்றேல் சோர்ட் குறியெண்களையே நோக்கும். அகராதி முறைப்படி அப்துல் முன்னும் அபூபக்கர் பின்னும் வரவேண்டும். யூனிக்கோட்டிற் புள்ளி ஊகாரக் குறிக்குப் பின் நிற்றலின் அபூபக்கர் முந்திவிடுவார். நகரத்தை அடுத்து னகரம் வரும். ளகரத்திற்குப் பின்னரே ழகரம் வரும். அச்சிட்ட பட்டியலில் உறவினரைத் தேடுவோர் உரிய இடத்திற் பெயரைக் காணாது, அவர் பதிவாகவில்லையென எண்ணித் திரும்பக்கூடும்.

எழுத்துக்கூட்டல் வேறுபாடோ எவ்வமைவினாலுந் தீராதது. ஒரே பெயரை ஒருவர் முகம்மது என்றும், ஒருவர் முஹம்மத் என்றும், மற்றொருவர் மொஹமட் என்றும் எழுதுவர். கிரெப் சொன்னதை மட்டுமே தேடும். ஒரே வரியில் இம்மூன்று வடிவங்களையும் தேடப் பணிக்கலாம். ஆனால் அவ்வடிவங்கள் யாவை என்பதை எழுதித்தர, இவ்வூர்ப் பெயர்களை அறிந்த ஒருவர் விசைப்பலகையின் முன் அமரவேண்டும்.