இடம் இருக்கு... ஆனா இல்லை!

போன தீபாவளிக்கு ஊருக்குப் போக, மைசூர்-தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் எங்கள் நாலு பேருக்கும் பெர்த் கிடைத்தது. மூன்று வெவ்வேறு பெட்டிகளில்! பெங்களூரில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இந்தக் கூத்தை விளக்க வேண்டியதில்லை. வண்டியில் இடம் இருக்கிறது, சேர்ந்தாற்போல் இல்லை. கூட வந்த அக்கா மகன் சிரித்தான். "மாமா, ஆபீஸ்ல நான் மாரடிக்கிறதும் இதோடதான்."

அவன் இங்கே ஒரு கம்பெனியில் லினக்ஸ் கெர்னல் வேலை பார்க்கிறான். மெமரியை எந்த புரோகிராமுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது கெர்னல்தான். ஒரு வருஷம் உழைத்து அவன் அனுப்பிய திருத்தத்தை ஏற்க மறுத்துவிட்டார்களாம். பையன் முகமே சரியில்லை. நானோ பி.காம். படித்த வங்கிக்காரன். ஆறுதல் சொல்வதற்காவது விஷயம் தெரிய வேண்டாமா? அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

எடுத்த எடுப்பிலேயே நம்ம துறை ஆள் ஒருவர்! ஹாரி மார்க்கோவிட்ஸ். முதலீட்டைப் பிரித்துப் போடுவதற்குக் கணக்கு கண்டுபிடித்து 1990-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். (மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்கள் எல்லாம் தினம் கும்பிட வேண்டியவர்.) அவர்தான் 1963-ல், சிம்ஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழிக்காக 'பட்டி அலொகேட்டர்' முறையை உண்டாக்கினார். பெல் ஆய்வகத்தின் கென்னத் நோல்டன் தனியாக அதே வழியைக் கண்டு 1965-ல் எழுதினார்.

நான் இதைப் பங்காளி முறை என்பேன். பெரிய மனையைப் பாதியாக்கு, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு, கேட்டவனுக்குப் போதுமான துண்டு வரும்வரை. பிறகு இரண்டு பங்காளிகளும் காலி செய்தால் மட்டுமே துண்டுகள் ஒன்றாகும். ஒருத்தன் உட்கார்ந்துகொண்டால் போச்சு. அடுத்த மனைக்காரனோடு சேரவும் வழியில்லை.

லினக்ஸும் இதைத்தான் பயன்படுத்துகிறது. வழக்கமான கம்ப்யூட்டரில் ஒரு 'பேஜ்' 4 கிலோபைட். 2 மெகாபைட் பெரிய பேஜ் வேண்டுமென்றால் ஒட்டினாற்போல் 512 பேஜ் காலியாக இருக்க வேண்டும். ஓடி ஓடிக் களைத்த சர்வரில் அதற்கு எங்கே போவது?

அயர்லாந்துக்காரர் மெல் கோர்மன் இதைப் பிடித்துக்கொண்டார். பேஜ்களில் இரண்டு ஜாதி. புரோகிராம்களின் பேஜை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அட்டவணையில் விலாசத்தைத் திருத்தினால் போதும். கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்த பேஜ்களைப் பெரும்பாலும் அசைக்க முடியாது. லோயர் பெர்த் பாட்டிகள் மாதிரி! பெட்டிக்கு ஒரு பாட்டி உட்கார்ந்தால் எந்தப் பெட்டியும் முழுசாகக் காலியாகாது. அதனால் அசையாதவர்களை முதலிலிருந்தே ஒரே பக்கம் உட்கார வை என்றார். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ், இங்கோ மோல்னார் எல்லாம் எதிர்த்தார்கள். மனுஷன் மாற்றி மாற்றி எழுதினார். 2008 ஜனவரியில் வந்த 2.6.24-ல் அது சேர்ந்தது. 2010-ல் 2.6.35-ல் இன்னொன்றும் வந்தது: மெமரியின் ஒரு முனையிலிருந்து அசையக்கூடிய பேஜ்களையும் மறுமுனையிலிருந்து காலியிடங்களையும் தேடி, இவர்களை அங்கே அனுப்புவது. கம்பேக்ஷன் என்கிறார்கள்.

நம்ம பெங்களூர் கதை இதற்கப்புறம்தான். இங்குள்ள ஐபிஎம் லினக்ஸ் மையத்தின் அங்கிதா கர்க் 2011-லும், ஸ்ரீவத்ச பட் 2013-லும் இதே சிதறலை மின்சாரக் கணக்கில் பார்த்தார்கள். மெமரியைப் பகுதிகளாகப் பிரித்து, கீழ்ப்பகுதி நிரம்பிய பிறகே மேலே போ; காலிப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கலாம். ஆள் குறைவான நாளில் எல்லாரையும் தரைத்தளத்தில் உட்காரவைத்து மாடி விளக்கை அணைப்பதுபோல. ஸ்ரீவத்ச பட் அதற்காகப் பங்காளிப் பட்டியலையே பகுதிவாரியாக வரிசைப்படுத்தினார். ஆனால் எல்லா நேரமும் நடக்கும் வேலையில் கூடுதல் சுமை ஏற்றினால் யார் ஒப்புவார்கள்? லினக்ஸின் மூலக் கெர்னலில் அது சேரவில்லை.

இதை மருமகனிடம் சொன்னேன். "தெரியும் மாமா. அதைப் படிச்சுத்தான் நான் என்னோடதை எழுதினேன்" என்றான். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. போன வாரம் மறுபடி திருத்தி அனுப்பியிருக்கிறான்.

அவன் என்னதான் வேலை பார்க்கிறான் என்று அக்கா போனில் கேட்டாள். டிரெயினில் பெர்த் மாற்றிக் கொடுக்கிற வேலை என்றேன்.

"அதுக்கா இவ்ளோ படிச்சான்?"