தடுப்புப் பட்டியலின் கதை

சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைக்குப் போய்வந்தவர்களுக்குப் போர்க்காலச் சோதனைச் சாவடிகள் மறந்திருக்காது. வலையமைப்புச் சுவிட்சுகளில் எழுதப்படும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலும் ஒரு சாவடியே. தரவுப் பொதியின் முகவரியை மேலிருந்து கீழாக ஒவ்வொரு விதியோடும் ஒப்பிடும். முதலிற் பொருந்தும் விதியே தீர்ப்பு. எதுவும் பொருந்தாவிட்டால், பெரும்பாலான கருவிகளில், எழுதப்படாத இறுதி விதியொன்று கதவை அடைத்துவிடும். சாவடிகளிலும் அந்த எழுதப்படாத விதியைத்தான் நான் அதிகம் சந்தித்தேன்!

நாட்டளவிலான தடுப்பை 2007 ஜூனில் கண்டோம். அரச உத்தரவின்பேரில் இணையச் சேவை நிறுவனங்கள் தமிழ்நெற் தளத்தை மறித்தன. புலம்பெயர்ந்தோர் வாசித்ததைப் பத்திரிகையாளராகிய நாங்கள் இங்கிருந்து வாசிக்க இயலவில்லை.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி. பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. வதந்தி முகநூலில் பரவிற்று; அடுத்த வாரம் திகன எரிந்தது. முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் தடுக்கப்பட்டதோ மார்ச் 7இல். ஒன்பது நாள் கழித்து!

2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்தபோது, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலையடுத்து வந்த தடை நடைமுறையில் இருந்தது. வதந்தியை மறிக்கும் விதி, வெளிநாட்டிலிருந்து நலம் கேட்கும் உறவினரையும் மறித்தது. விவரமறிந்த இளைஞர் வீ.பி.என். வழியே சுற்றிப் போயினர், முதியோர் காத்திருந்தனர்.

2022 ஏப்ரல் 3இல் மீண்டுமொரு தடை. அப்போது அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷவே தாம் வீ.பி.என். பயன்படுத்துவதாக டுவிட்டரில் எழுதினார். அன்றே தடை நீங்கிற்று.